காபி டம்ளருக்கு அடியில் வைத்த சீட்டு

மார்ச் 3, திங்கள்

காலை ஆறு மணிக்கே வாசலில் ஐம்பது பேர். பல் தேய்க்கக்கூட விடவில்லை. எம்.எல்.ஏ.வின் புருஷனாக இருப்பதற்குக் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கலாம். அங்காவது டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்கவைக்கலாம்.

விஷயம் இதுதான். எங்கள் கீழப்பொய்கை பஸ் ஸ்டாண்டை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஆலடி விலக்குக்கு மாற்ற உத்தரவு வந்துவிட்டது. இப்போதைய பஸ் ஸ்டாண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருக்கிறது. இறங்கி ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி வாசல். சுற்றியுள்ள நாற்பது ஊர் நோயாளிகளும் அப்படித்தான் வந்துபோகிறார்கள். ஆலடி விலக்கில் இருப்பதெல்லாம் உடைமரக்காடும், மஞ்சள் கொடி நட்ட 'நெடுஞ்சுடர் நகர்' மனைகளும்தான். மனைகள் நெடுஞ்சுடர் குழுமத்தினுடையவை. நெடுஞ்சுடர் செய்தி சேனலும் அவர்களுடையதே. யாருக்காக பஸ் ஸ்டாண்ட் நகர்கிறது என்று எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மரகதம் அந்த ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள். எம்.எல்.ஏ. ஆகிப் பத்து மாதமாகியும் ஊருக்கு அவள் சிஸ்டர்தான். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் முப்பிடாதி முன்னால் வந்து நின்று கேட்டாள்.

"சிஸ்டர், எம்மவ கட்டிக்குடுத்த ஊருல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாளு ரத்தம் சுத்தம் பண்ண வாரா. பஸ்ஸ விட்டு எறங்கி நாலு எட்டு வைக்கதுக்குள்ள அவளுக்கு மூச்சு முட்டுது. ஆலடி விலக்குல எறக்கிவிட்டா என்ன செய்வா?"

"நான் இருக்கேன்லா. சட்டசபையில எந்திரிச்சுக் கேக்கேன். அமைச்சரு பதில் சொல்லித்தான் ஆகணும். போங்க, போயி வேலையப் பாருங்க" என்றாள் மரகதம்.

மதியமே கவன ஈர்ப்புத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டாள். சொந்தக் கட்சி அமைச்சரையே எழுப்பிப் பதில் கேட்பதென்றால் சும்மாவா? எனக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீர் மோட்டார்தான் மறுபடி மக்கர் செய்கிறது.

மார்ச் 5, புதன்

ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் மரகதம் சாப்பிடுவதை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அப்பளத்தை நொறுக்கி வாயில் போடும் நேரம். நெடுஞ்சுடரில் கீழே எழுத்து ஓடுகிறது: 'மக்கள் வாசலில்! எம்.எல்.ஏ. பந்தியில்!' நாற்பது விநாடி. இன்று மட்டும் ஆறு முறை. கல்யாண வீட்டில் சாப்பிடாமல் பட்டினி கிடந்து ஆசீர்வாதம் செய்ய வேண்டுமா?

நான் மின்வாரியத்தில் துணைமின் நிலைய ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். மணிக்கு ஒருதரம் மீட்டரைப் பார்த்து ரீடிங் எழுதி, கீழே 'ஆவுடையப்பன்' என்று கையெழுத்துப் போட்ட கை இது, சும்மா இருக்காது. மரகதம் ஜெயித்த நாளிலிருந்து அவளைப் பற்றி டிவியில் வருவதையெல்லாம் நேரம், சேனல், எத்தனை நிமிடம், சாதகமா பாதகமா என்று கட்டம் போட்டு எழுதுகிறேன். காலையில் அதைச் சுருக்கி ஒரு சீட்டில் எழுதி அவளுடைய காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிடுவேன். பொதுவாழ்க்கைக்கு வந்தவளுக்கு ஊர் என்ன பேசுகிறதென்று தெரிய வேண்டாமா?

இன்றைய சீட்டு: நெடுஞ்சுடர், 6 முறை, பாதகம்.

மார்ச் 6, வியாழன்

மோட்டார் மெக்கானிக் வரவில்லை. அப்பளம் ஒன்பது முறை.

மார்ச் 8, சனி

நெடுஞ்சுடரின் மாவட்ட நிருபர் இன்பராஜ் வீட்டுக்கு வந்தான். மரகதம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். ஆள் மரியாதை தெரிந்தவன். என் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு அசந்துபோனான்.

"சார், எங்க ஆபீஸ்லயே இப்படிக் கணக்கா எவனும் எழுதுனது கெடையாது. உங்கள மாதிரி ஒருத்தரு கூட இருக்கது மேடத்துக்குப் பெரிய பலம்."

உண்மையைத்தானே சொன்னான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான்.

"வார வாரம் எட்டு மணி விவாதத்துல ஒரு எம்.எல்.ஏ.வப் புடிக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு. அடுத்தது நம்ம மேடம்தான்னு காதுல விழுந்துது. நான் சொன்னதாச் சொல்லிராதிய. கொஞ்சம் பாத்துப் போகச் சொல்லுங்க சார். முதல் தடவ ஜெயிச்சவுக."

போகும்போது சேனல் பேர் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தான். பழைய கடிகாரம் எப்படியும் பத்து நிமிடம் பிந்தித்தான் ஓடுகிறது. அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். மரகதம் வந்ததும் அதைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். எதற்கு இத்தனை அலுப்பு என்று தெரியவில்லை, மணி சரியாகத்தானே காட்டுகிறது?

மார்ச் 10, திங்கள்

மாவட்டச் செயலாளர் போன் செய்தார். கட்சியில் அவரை 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரகதம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பேசாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன்மா. அது உங்க உரிமை. ஆனா எட்டு மணிக்கு அவன் நாலு பேர உக்கார வச்சி நம்மள நாறடிப்பான். தலைமை அதத்தான் பாக்கும். அப்புறம் எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது, ஆமா."

"சரிங்க மாவட்டம்" என்றாள் மரகதம்.

என்ன 'சரி'? இந்த ஆள் மூன்று தேர்தலில் ஜெயித்தவர். இருபது கார் புடைசூழ வருகிறவர். ஒரு டிவிப் பெட்டியைப் பார்த்து இப்படி நடுங்குகிறார். ஓட்டுப் போட்டது ஜனம், பயப்படுவது ஸ்டுடியோவில் கோட்டுப் போட்டவனுக்கு. இவர்களையெல்லாம் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோமே, நம்மைச் சொல்ல வேண்டும்.

இரவு இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். கை கழுவியபடியே "இன்னைக்கு எத்தன தடவ?" என்று கேட்டாள். பதினொன்று என்றேன். விவாதம் வரப்போகிறதென்று இன்பராஜ் சொன்னதையும் சொன்னேன். சொல்லாமல் இருப்பது சரியில்லையே.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு ஸ்டேஷனரிக் கடைகளில் கார்பன் தாள் இல்லை. இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லையாம். மூன்றாவது கடையில் கிடைத்தது.

மார்ச் 12, புதன்

மரகதம் சென்னைக்குக் கிளம்பினாள். தீர்மானம் பதினேழாம் தேதி. பிரஷர் மாத்திரை, போன் சார்ஜர், ஆஸ்பத்திரி நோயாளிகளின் எண்ணிக்கை, நாற்பது ஊர்களின் பட்டியல், பஸ் நேரங்கள், வேறு சில காகிதங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி ஃபைலில் வைத்துக் கொடுத்தேன். ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியே சொன்னாள்.

"முப்பிடாதி மவளுக்கு இந்த வாரம் ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டு வையுங்க."

தலையாட்டினேன். போக நேரம் கிடைக்கவில்லை. மோட்டார் மெக்கானிக் ஒருவழியாக வந்தான், வேறு ஏதோ பாகம் போய்விட்டது என்கிறான்.

மார்ச் 14, வெள்ளி

எட்டு மணி விவாதம். தலைப்பு: 'வெள்ளை உடை சிஸ்டரின் சாயம் வெளுத்ததா?' ஐம்பத்திரண்டு நிமிடம். நான்கு பேர் கத்தினார்கள். ஒருவனுக்கும் கீழப்பொய்கை எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. ஒருவன் அதைக் கடற்கரை ஊர் என்றான். பஸ் ஸ்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நர்ஸாக இருந்தபோது மாத்திரை மாற்றிக் கொடுத்தாளாம், யாரோ பெயர் சொல்லாத ஒருவர் சொன்னாராம். அத்தனையையும் ஒரு நிமிடம் விடாமல் எழுதினேன்.

சென்னையில் காபி டம்ளர் ஏது? சீட்டைப் படம் பிடித்து போனில் அனுப்பிவிட்டேன். நான்கு பேர் சொன்னதையும் வரி வரியாக எழுதியதால் மூன்று சீட்டாகிவிட்டது. பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

மார்ச் 17, திங்கள்

தீர்மானம் வரவே இல்லை.

மாலையில் அவளே போன் செய்தாள். நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாகக் காலையிலேயே கடிதம் கொடுத்துவிட்டாளாம். "குடுத்துட்டேங்க" என்றாள், அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

என்னால் ஆற முடியவில்லை. இவளா? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதரின் ஆட்கள் நாற்பது பேர் பிரசவ வார்டுக்குள் நுழைந்தபோது, 'வெளிய போங்க, பிள்ள பெத்தவ படுத்திருக்கா' என்று கதவை மறித்து நின்றவள் இவள். இன்ஸ்பெக்டர் வந்தும் நகரவில்லை. அப்படிப்பட்டவள் சட்டசபையில் எழுந்து நான்கு வார்த்தை பேச முடியாமல் கடிதத்தை நீட்டியிருக்கிறாள். பதவி வந்ததும் தைரியம் போய்விடுகிறது, வேறென்ன? இந்த டிவிக்காரர்கள் ஒரு மனுஷியை எப்படி அரைத்து மாவாக்கிவிட்டார்கள்! ஊர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

மார்ச் 18, செவ்வாய்

நெடுஞ்சுடர், ஏழு நிமிடம், சாதகம். 'முதிர்ச்சி காட்டிய முதல்முறை எம்.எல்.ஏ.' அப்பளம் படத்தை எடுத்துவிட்டு அவள் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் படத்தைப் போட்டார்கள். சீட்டு அனுப்பினேன். இந்த முறை நீலக் குறிகூட விழவில்லை.

மார்ச் 20, வியாழன்

பூ வாங்கப் போவதுபோல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முப்பிடாதி தொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, சிஸ்டர் கேட்டாவளா?"

"அந்த வெள்ளிக்கிழமை டிவியில அவ்வளவு கேவலமாப் பேசினாங்களே, பாத்தியா?" என்றேன்.

"எந்த டிவியில?"

"நெடுஞ்சுடர்ல. எட்டு மணிக்கு."

"எட்டு மணிக்கு நாடகம்லா ஓடும்" என்றாள். பக்கத்து டீக்கடைக்காரர், டிரைவர்கள், இளநீர்க்காரர் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. அப்பளத்தையும் பார்க்கவில்லை. டீக்கடை டிவியில் அந்த சேனல் எந்த நம்பரில் வருகிறதென்றே அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: சிஸ்டர் கேட்டாவளா, அமைச்சர் என்ன சொன்னார்?

வீட்டுக்கு வந்து இன்பராஜுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் சிரித்தான்.

"என்ன சார், இவ்வளவு வெவரமா இருந்துக்கிட்டு. ஊரு பாக்கதுக்கா எட்டு மணி விவாதம் போடுதோம்? எம்.எல்.ஏ. வீடு, கட்சி ஆபீஸு, கலெக்டர் ஆபீஸு, இம்புட்டுத்தான் கணக்கு. அவுக பாத்தாப் போதும்."

ஐம்பத்திரண்டு நிமிடம். இந்த ஊரில் முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

முப்பிடாதி மகளுக்கு எப்படி இருக்கிறதென்று கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

மரகதம் வந்தாள். பையை வைத்ததும் வைக்காததுமாக நான் ஆரம்பித்தேன். ஊரில் எவனும் அந்தச் சேனலைப் பார்ப்பதில்லை, அதைப் போய்ப் பார்த்துப் பயந்தாயே என்றேன்.

"நான் எங்கங்க பாத்தேன்?" என்றாள்.

"பின்ன?"

"ஜெயிச்ச நாள்ல இருந்து நான் அந்தச் சேனலப் பாத்ததே இல்ல. நேரம் ஏது? நீங்கதான் பாக்கிய. நான் உங்க சீட்டத்தான் பாத்தேன். கண்ணு முழிச்சா ஆறு தடவ, ஒம்போது தடவ, பதினொரு தடவ. அன்னைக்கு சபைக்குப் போக எந்திரிச்சு போனத் தொறந்தா, மாத்திர மாத்திக் குடுத்தவன்னு உங்க கையெழுத்துல இருக்கு. அத எவனோ சொன்ன மாதிரி இல்ல. நீங்க சொன்ன மாதிரி இருந்துது."

நான் என்ன தப்புச் செய்தேன்? மீட்டரில் முள் எங்கே நின்றதோ அதை எழுதினேன். ரீடிங் எடுக்கிறவன்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? நல்லதுக்குக் காலமில்லை. அவள் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாமென்று குளிக்கப் போய்விட்டாள். மோட்டார் ஓடாததால் வாளியில் தண்ணீர் சுமந்து வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ஆலடி விலக்கில் பூமி பூஜை ஆறாம் தேதி. மாவட்டம் தலைமை, மரகதம் முன்னிலை, நெடுஞ்சுடரில் நேரலை. அழைப்பிதழில் அவள் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. கூட்டம் சேர்க்க பஸ் ஸ்டாண்டுக்காரர்களையே லாரியில் ஏற்றிப் போகிறார்களாம், பிரியாணிப் பொட்டலம் உண்டாம். கழுத்தை அறுக்கிறவன் அறுபடுகிறவனையே கத்தி பிடிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது.

"நானும் வரேன்" என்றேன்.

"வேண்டாம். நீங்க எப்பவும் போல டிவியில பாருங்க" என்றாள்.

அதில் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. வெள்ளைப் பருத்திச் சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன். வேலைக்குப் போன காலத்தில் கட்டியது அது.

ஏப்ரல் 6, ஞாயிறு

10.50: நேரலை ஆரம்பம். மேளம்.
11.05: மாவட்டம் வருகை. மாலை.
11.20: மரகதம் மேடையில். ஓரத்து நாற்காலி. சாதகம்.
11.41: மைக்கை மரகதத்திடம் கொடுக்கிறார்கள்.
11.42: "எல்லாருக்கும் வணக்கம். நான் இன்னைக்கு ஒண்ணு சொல்லணும்" என்கிறாள்.
11.42: விளம்பரம். நெடுஞ்சுடர் நகர் மனைகள்.
11.58: மறுபடி மேளம். மரகதத்தின் நாற்காலி காலி.

என்ன பேசினாள்? எனக்குத் தெரியவில்லை. போன் எடுக்கவில்லை. இன்பராஜும் எடுக்கவில்லை. பத்து மாதம் ஒரு நிமிடம் விடாமல் எழுதிய நோட்டில் முக்கியமான பதினாறு நிமிடம் வெற்றாகக் கிடக்கிறது. அடைத்துவைத்த கோழியாக ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். பொறுக்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

லாரி திரும்பி வந்திருந்தது. முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருக்கிறாள்.

"அண்ணாச்சி, சிஸ்டர் என்ன பேச்சு பேசுனாவ தெரியுமா! 'இந்த பஸ் ஸ்டாண்டு உங்களுக்காக வரல, இந்த மனைக்காக வருது. இதச் சட்டசபையில கேக்கேன்னு உங்க கிட்ட வாக்குக் குடுத்தேன், கேக்கல. டிவியில என்ன சொல்லுவாவளோன்னு பயந்துட்டேன். அதே டிவிக்கு முன்னால இப்பச் சொல்லுதேன், என்னைய மன்னிச்சுக்கிடுங்க. அடுத்த கூட்டத்துல கேப்பேன். பழைய பஸ் ஸ்டாண்ட இழுத்து மூட வந்தா நான் வாசல்ல படுப்பேன்'னாவ. மைக்க அமத்திட்டானுவ. அமத்துன பொறவும் கத்திப் பேசுனாவ. பிரியாணிய அப்படியே வச்சிட்டு நாங்க எல்லாரும் வந்துட்டோம்."

"வேற என்ன சொன்னா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"கூட்டத்துல ஒருத்தன், 'யாரு ஒங்களத் தடுத்தா? புருஷனா, கட்சியா?'ன்னு கேட்டான். 'என் வீட்டுக்காரர ஒண்ணும் சொல்லாதிய. அவுக தைரியமாப் பேசுன்னுதான் சொன்னாவ. நானாத்தான் பயந்து கடுதாசி எழுதிக் குடுத்தேன்'னாவ. ஒங்களுக்குக் குடுத்துவச்சிருக்கணும் அண்ணாச்சி."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எதிரே ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. ஒரு பெண் படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். முப்பிடாதி பூக்கூடையை விட்டுவிட்டு ஓடினாள். அவள் மகள்தான். முகம் வீங்கியிருந்தது. ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகவே மூன்று இடத்தில் நின்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

நெடுஞ்சுடரில் மரகதத்தைப் பற்றி ஒரு விநாடிகூட இல்லை. திட்டக்கூட இல்லை.

கட்சித் தலைமையிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும். நீக்கினாலும் நீக்குவார்கள். மரகதம் என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும். எழுதுங்க. 'நான் பேசியது உண்மை. அதற்காக வருந்தவில்லை.' அவ்வளவுதான்."

"ரெண்டாவது வரி வேணுமா? கொஞ்சம் பதமா..." என்று இழுத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எழுதினேன். கார்பன் வைக்கவில்லை. மிச்சமிருந்த கார்பன் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஐந்து மணிக்கே விழிப்பு. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டேன். பழையதை மாட்டியாயிற்று, பத்து நிமிடம் பிந்தினால் பிந்திவிட்டுப் போகட்டும்.

இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மார்ச் 11 அன்று கார்பன் தாள் வாங்கியது எழுதியிருக்கிறது, எதற்கென்று எழுதவில்லை. மார்ச் 12 அன்று 'வேறு சில காகிதங்கள்' என்று எழுதியிருக்கிறது, என்னவென்று எழுதவில்லை. பணியில் இருந்த காலத்தில் லாக் புத்தகத்தில் நான் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை.

காபி போட்டேன். கடைசியாக ஒரு சீட்டு எழுதினேன்.

'மார்ச் 11, மாலை 4.10. தீர்மானத்தைத் திரும்பப் பெறும் கடிதம், கார்பன் பிரதியோடு. டிவிக்குப் பயந்து முழுவதும் எழுதியது ஆவுடையப்பன். ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்ததும் ஆவுடையப்பன். மரகதம் கையெழுத்து மட்டும் போட்டாள். பாதகம்.'

அவளுக்கு ஒரு பிரதி, முப்பிடாதிக்கு ஒரு பிரதி. கார்பன் இல்லாததால் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. ஒன்றை டம்ளருக்கு அடியில் வைத்தேன். மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் பஸ் வருவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புகிறேன்.